காதுக்குள் ஒரு பகை: எம்.வி. வெங்கட்ராமின் மூன்று நாவல்கள்

குடந்தை என்றவுடன் இலக்கிய அன்பர்களுக்குத் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நினைவிற்கு வரும். அவருடைய நண்பரும், 1920ஆம் ஆண்டு இதே குடந்தையில் பிறந்து 2000ஆம் ஆண்டு மறைந்தவருமான எம்.வி. வெங்கட்ராமை நம் இல்லங்களில் படித்தவர்கள் மிகச் சிலரே. பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தவர் அவர். பதினாறாம் வயதிலேயே ‘மணிக்கொடி’யில் கதை எழுதியவர். ஜரிகை வணிகம் செய்தவர். பின்னர் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். 1992இல் வெளிவந்து, 1993ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற ‘காதுகள்’ அவருடைய பிற்காலத்து நாவல். அதனை ‘நித்யகன்னி’, ‘வேள்வித்தீ’ என்னும் முந்தைய நாவல்கள் இரண்டோடும் வைத்து ஈண்டு நோக்குவோம்.

‘காதுகள்’ ஒரு முருக பக்தனின் கதையாயிற்றே, அதில் நமக்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். விடையை இறுதியில் கூறுகின்றோம்.

‘நித்யகன்னி’ மகாபாரதத்தின் கிளைக்கதை ஒன்றிலிருந்து பிறந்தது. காலவன் என்னும் மாணவன் தன் குருவுக்குக் காணிக்கையாக, ஒரு காது மட்டும் கறுத்த வெண்குதிரைகள் எண்ணூறு தேட வேண்டியவனாகிறான். குதிரைகளைத் தர இயலாத யயாதி மன்னன் தன் மகள் மாதவியைத் தருகிறான். அவள் அரசர் ஒருவர் பின் ஒருவராகக் கைமாறி, ஒவ்வொருவருக்கும் ஒரு மகனைப் பெற்றுத் தந்து, குதிரைகளுக்கு விலையாகிறாள். மகவைப் பெற்ற பின்னும் கன்னியாகவே மீளும் வரம் அவளுக்கு உண்டு. அந்த வரமே அவளுக்குச் சாபமாகிவிடுகிறது. தந்தைக்குக் கொடைப்புகழ், மாணவனுக்குக் குருபக்தி, மன்னர்க்கு வாரிசு. எல்லோரிடமும் தருமத்தின் பெயர் இருக்கிறது. அவளுடைய சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. பெண்ணின் ஒப்புதலின்றி நிக்காஹ் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, வீட்டில் மகளின் மௌனத்தை நம் விருப்பப்படி பொருள் செய்துகொள்ளும் நாமும் இந்நாவலின் முன் சற்றே தலைகுனியத்தான் வேண்டும்.

‘வேள்வித்தீ’ 1975இல் வெளிவந்தது. இங்கே புராணம் இல்லை. குடந்தையின் நெசவாளர் குடும்பங்களே களம். கூலிக்குத் தறி நெய்து, முயன்று முன்னேறும் கண்ணன் என்னும் நெசவாளி, இல்லற வரம்பைக் கடந்த ஓர் ஆசையில் சிக்குகிறான், குடும்பம் வேகிறது. தறிக்குழியும், கூலிக் கணக்கும், முதலாளியின் முன் நிற்கும் தயக்கமும் உடன்வாழ்ந்தவரின் கண்கொண்டு எழுதப்பட்டுள்ளன. காவிரிக் கரை நகரமொன்றின் தொழிலாளர் வாழ்வை அறிய விரும்பும் இளைஞர்க்கு நாம் முதலில் கொடுக்கும் நூல் இதுவே.

இவற்றின் பின் ‘காதுகளை’ எடுத்தால் நாம் அறிந்த உலகம் சுருங்கிவிடுகிறது. மகாலிங்கம் என்னும் எழுத்தாளனுக்குத் திடீரெனக் காதினுள் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. அவை ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, அவன் போற்றுவனவற்றையெல்லாம் இழிக்கின்றன. தொழில் சரிகிறது, வறுமை வருகிறது, குரல்கள் ஓய்வதில்லை. ஆயினும் அவன் அறிவு விழித்திருந்து தனக்கு நேர்வதைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. இது தம் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

மூன்று நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். மாதவிக்கு ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை இல்லை. கண்ணனுக்கு உரிமை இருந்தும் வலிமை இல்லை. மகாலிங்கம் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், குரல் போவதில்லை. வெளியே மன்னராக நின்ற பகை, அடுத்து ஆசையாக நெஞ்சில் அமர்ந்து, இறுதியில் காதிலேயே குடிபுகுந்துவிடுகிறது. ஆசிரியர் தம் வாழ்நாள் முழுதும் எழுதியது ஒரே நாவலைத்தான் எனலாம்.

பிற்காலத்து நூலில் இழப்பும் உண்டு. ‘வேள்வித்தீ’யில் நாம் கண்ட நகரம் இதில் மங்கிவிடுகிறது. மனைவி முதலானோர் நிழலாகவே வருகின்றனர். குரல்களின் வாதங்கள் சிலவிடத்து நீண்டு சலிப்பூட்டுகின்றன. நாவலின் கட்டுக்கோப்பை நாடுவோர் முந்தைய இரண்டையே உயர்த்திப் பேசுவர். எனினும் தன் நோயைத் தானே சாட்சியாக நின்று பதிந்த நேர்மையில் ‘காதுகள்’ அவற்றை விஞ்சி நிற்கிறது என்பது நம் கருத்து.

இனி, முன்னர் எழுந்த வினாவிற்கு வருவோம். நம் பிள்ளைகள் முதலில் மனனம் செய்யும் சூராக்களுள் ஒன்று ‘நாஸ்’. உள்ளத்தில் ஊசலாட்டத்தைப் போடுபவனிடமிருந்து பாதுகாவல் தேடும் சூரா அது. அவனுக்கு ‘கன்னாஸ்’ என்றொரு பெயரும் அதில் உண்டு. பின்வாங்கி ஒளிபவன் என்பது பொருள். இறைவனை நினைத்தால் அவன் ஒதுங்குவான் என்பர் விரிவுரையாளர். வழிபாட்டாலும் ஒதுங்காத குரலை என்னவென்பது? அதனை வஸ்வாஸ் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு இங்கே துணைவரும். பக்தாதின் நிஜாமிய்யாவில் பேராசிரியராய் விளங்கிய அவர்களுக்கு, 1095ஆம் ஆண்டு பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செல்லவில்லை, மருத்துவர்கள் இது உள்ளத்தில் தொடங்கிய பிணி என்றனர். இதனை இமாம் அவர்களே ‘அல் முன்கித்’ நூலில் கூச்சமின்றி எழுதியுள்ளார்கள். அத்தகைய பெருமகனாருக்கே உள்ளம் நோயுற்றதென்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு நேரும்போது அதனை ஈமானின் குறையென்று ஏசுவது எவ்வளவு பெரிய கொடுமை! அறிவு பிறழ்ந்தவர் தெளிவடையும்வரை அவர் வினைகளை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. இறைவன் எழுதாததை அண்டை வீட்டார் எழுதலாமா?

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். நம்பிக்கையோடுதான் உறவினர் அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தனர். அந்தக் காதுகளில் என்ன ஒலித்தது என்று எவரும் கேட்டதில்லை, எழுதியதுமில்லை. வெங்கட்ராம் எழுதினார். இதனாலேயே இந்நூல் நமக்கும் உரியதாகிறது.

துஆ நிற்கட்டும், அதனோடு மருந்தும் தேடுவது நபிவழியே. குரல் கேட்கிறது என்று ஒரு மகனோ மகளோ வாய்திறந்தால், அடுத்த கணமே தாயத்துக் கட்ட விரையாமல், அருகில் அமர்ந்து முழுவதையும் கேளுங்கள். பின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘காதுகளை’ப் படித்து முடித்தவர் இதைச் செய்யாதிருக்க மாட்டார்.