நூறு விழுக்காட்டில் விடுபடும் பிள்ளைகள்

ஒரு உயர்நிலைப் பள்ளி நல்ல பள்ளியா என்று காஞ்சிபுரம் பக்கத்து நெசவு ஊரான ஐயம்பேட்டையில் யாரிடம் பேச்செடுத்தாலும், முதலில் வருவது ஒரே கேள்விதான்: “போன வருஷம் டென்த்ல எத்தனை பர்சன்ட்?” தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார், ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரியும் அதைத்தான் கேட்கிறார். தமிழ்நாட்டில் பள்ளியின் தரம் என்றாலே தேர்ச்சி விகிதம் என்றாகிவிட்டது.

இந்த அளவுகோலை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. விடைத்தாளைத் திருத்துபவர் வேறு பள்ளி ஆசிரியர். பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது. பள்ளி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அல்ல அது. பள்ளிக்கூடம் போகாத தாய்க்கும் அந்த எண் புரிகிறது, தலைமையாசிரியரிடம் அதை வைத்துக் கேள்வி கேட்க அவரால் முடிகிறது. பின்தங்கிய மாவட்டம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட அரியலூர், 2025 பிளஸ் டூ தேர்வில் 98.82 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. மாலை வகுப்பு நடத்திய எத்தனையோ ஆசிரியர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு கைவிட்டதும் சரியான முடிவு. பிள்ளைகளின் தோளிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. பள்ளியின் தோளில் இருந்த எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த எண் எப்படி உருவாகிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 30. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றே ஒன்று சரியாக வந்தால் 35, தேர்ச்சி. ‘மெல்லக் கற்போர்’ என்று பிரிக்கப்படும் பிள்ளைகளுக்குத் தரப்படும் குறைந்தபட்சக் கற்றல் கையேடு இந்தக் கூட்டலின் மேல்தான் நிற்கிறது. தோற்றுப்போய் வீட்டில் உட்காரவிருந்த பிள்ளையை அது கரை சேர்க்கிறது. அதற்காக அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படித் தேறிய பிள்ளைக்குப் பின்னம் தெரியுமா, ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல வருமா என்பதைப் பற்றி அந்த 35 எதுவுமே சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. விகிதம் கணக்கிடப்படுவது தேர்வு எழுதியவர்களை வைத்து. எழுத வராதவர் கணக்கிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. கொரோனா ஆண்டில் பத்தாம் வகுப்பில் ‘ஆல் பாஸ்’ ஆன பிள்ளைகள் அவர்களில் பெரும்பாலோர். செய்தி வந்து நாடே திடுக்கிட்டது. அந்த ஆண்டின் மாநிலத் தேர்ச்சி விகிதமோ 94.03. இரண்டு எண்ணும் ஒரே தேர்வைப் பற்றியவை! ஒன்பதாம் வகுப்பிலும் இதே கதை மெதுவாக நடக்கிறது. எட்டு வரை யாரையும் நிறுத்துவதில்லை. பத்தில் ரிசல்ட் கெட்டுவிடக் கூடாது. இடையில் இருக்கும் ஒன்பதுதான் சல்லடை. “டி.சி. வாங்கிக்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும்” என்ற ஒரு வார்த்தை போதும், நூறு விழுக்காட்டுக்கு இடைஞ்சலாக இருந்த பிள்ளை பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும்.

நெசவு ஊரில் இந்த ஓட்டை இன்னும் அகலம். அசல் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவை வாங்கித் தள்ள நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். காலங்காலமாக அந்த இடத்தில் உட்கார்ந்தது சிறுவர்கள். முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த காஞ்சிபுரம் வட்டாரப் பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் அறிக்கையே வெளியிட்டது. அந்தக் கொடுமை பெருமளவு ஒழிந்திருக்கிறது, பள்ளிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் தருகிறது. முகூர்த்த மாதத்துக்கு முன் வேலை குவியும்போது அந்த நேரம் எங்கே முடிகிறது என்று யார் பார்ப்பது? தறி வீட்டுப் பிள்ளையின் வருகைப் பதிவை மாதவாரியாகப் பார்க்கத் தெரிந்த பள்ளியே, என் கணிப்பில், இந்த ஊரின் நல்ல பள்ளி.

எண்ணுக்குப் பள்ளியை அடகு வைப்பது புதிதல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதி, பிள்ளைகள் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியத்தின் பெரும்பகுதி என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகள் வரை அந்த முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காக மனப்பாடம் செய்ய வைப்பதே பாடமாயிற்று. இரண்டு நாடுகளிலும் பிறகு அதைக் கைவிட்டார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் 2015இல் ‘சாலா சித்தி’ என்ற மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது: 7 களங்கள், 46 தரக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. வருகை, கற்பித்தல், பாதுகாப்பு, ஊர் மக்களின் பங்கு எல்லாமே அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதன் முதல் களம். வசதி இருக்கிறதா என்று ஒரு முறையும், பயன்படும் நிலையில் இருக்கிறதா என்று இன்னொரு முறையும் தனித்தனியே கேட்கிறது. கழிப்பறை நான்கு இருக்கலாம். தண்ணீர் வராவிட்டால் வயதுக்கு வந்த பெண் மாதத்தில் சில நாள் வீட்டில்தான். இந்த முறையின் பலவீனம், படிவத்தை நிரப்புவது பள்ளியே என்பது. வெளி மதிப்பீட்டாளர் வந்து சரிபார்க்காத இடத்தில் அது ஆண்டுக்கொரு முறை இணையத்தில் ஏற்றும் இன்னொரு வேலை. ஏற்கெனவே எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவிலேயே மூழ்கியிருக்கும் ஆசிரியர் அதை வேறெப்படிச் செய்வார்?

ஆகவே 46-ஐயும் விடுங்கள், ஒரே ஒரு எண்ணைச் சேருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில், ஐந்து ஆண்டு கழித்து எங்கேயாவது பத்தாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர்? பிள்ளைக்குப் பிள்ளை எமிஸ் எண் இருப்பதால், பள்ளி மாறிப் போனவரையும் தொடர்ந்து போக முடியும். தேர்ச்சி விகிதம் எழுதும் அதே பலகையில் இதையும் எழுத வேண்டும்.

இந்த எண்ணையும் ஏமாற்றலாம். வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் வைத்தே ஓட்டலாம். அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோரே பெரும்பான்மை; எந்த வீட்டுப் பையன் தறியில் இருக்கிறான், எவன் ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான் என்பது தெருக்காரர்களுக்குத் தெரியும். வகுப்புவாரிப் பெயர்ப் பட்டியலைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தாலே போதும். கூட்டம் மட்டும் பகலில் வேண்டாம். சேலைக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில் தறி அரைநாள் நின்றால் அது நட்டம். விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்கள்.