சாவுச் சடங்கில் பிள்ளைகளின் இடம்

தமிழ்நாட்டுச் சாவுச் சடங்குகள் பிள்ளைகளை விலக்கி வைப்பதில்லை. தாத்தாவோ பாட்டியோ இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். தந்தை இறந்தால், மகன் சிறுவனாக இருந்தாலும் பல குடும்பங்களில் அவனே கொள்ளி வைக்கிறான். இழப்பைத் தாங்க இந்த வழக்கம் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்பது எடைபோட்டுப் பார்க்க வேண்டியது.

சாவை மறைக்காமல் காட்டுவது இதன் முதல் நன்மை. இறந்தவர் திரும்பி வரக்கூடும் என்றே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் எண்ணுவதை, ஹங்கேரியில் மரியா நாகி நடத்திய ஆய்வு 1948-இல் எடுத்துக்காட்டியது. உடலைப் பார்த்து வழியனுப்பும் பிள்ளைக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்ற உண்மை மெல்லப் பிடிபடுகிறது. ஒப்பாரி வைக்கும் வீட்டில் அழுவது வெட்கத்துக்குரியதல்ல என்பதும் தெரிகிறது. பதினாறாம் நாள் காரியமும் ஆண்டுத் திதியும் இறந்தவரைப் பற்றிப் பேச வாய்ப்புத் தருகின்றன.

சடங்கைச் செய்யச் சொல்லும் பெரியவர்கள் விளக்கம் சொல்லாததே பெரிய குறை. "அப்பா தூங்குகிறார்" என்று கேட்ட குழந்தை, தீ மூட்டுவதைக் கண்டு மிரள்கிறது. பிறகு தூங்கவே பயப்படலாம். கொள்ளி வைத்த சிறுவனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அழக்கூடாது" என்கிறார்கள். துக்கத்தோடு குடும்பப் பாரமும் அவன் தலையில் ஏறுகிறது. பல ஊர்களில் மகள் சுடுகாட்டுக்குப் போக முடியாததால், அவளுடைய விடைபெறல் தெருமுனையோடு நின்றுவிடுகிறது.

துக்கத்துக்குச் சடங்கு தரும் காலமும் போதவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மனும் நடத்திய ஹார்வர்டு ஆய்வு, தாயையோ தந்தையையோ இழந்த, 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. அதன் முடிவிலும் சுமார் ஐந்தில் ஒருவரிடம் கடுமையான சிக்கல்கள் இருந்தன. இறுதிச் சடங்கில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்படாத பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறினர். இங்கோ காரியம் முடிந்ததும் உறவினர் கலைந்துவிடுகிறார்கள். அதன்பின் பதின்வயதுப் பிள்ளையிடம் தோன்றும் கோபமும் மௌனமும் குறையும் மதிப்பெண்ணும் திமிராகவோ சோம்பலாகவோ பார்க்கப்படுகின்றன.

ஆகவே சடங்கைக் கைவிடத் தேவையில்லை. அதைப் பிள்ளைக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். "இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று நேராகச் சொல்லி, அடுத்து நடக்கப்போவதை விளக்க வேண்டும். கலந்துகொள்வதா வேண்டாமா என்பதை மகனானாலும் மகளானாலும் பிள்ளையே முடிவுசெய்யலாம். உடன் நிற்க, சடங்குப் பொறுப்பு இல்லாத சித்தியோ மாமாவோ வேண்டும். காரியத்துக்குப் பிறகும் வீடும் பள்ளியும் பிள்ளையைக் கவனித்து வர வேண்டும். மாதங்கள் கடந்தும் துயரம் படிப்பையும் உறக்கத்தையும் குலைத்தால் மனநல உதவியை நாட வேண்டும்.