அடாரும் முயக்கமும்: சங்கப் பாடல்களில் இலக்குத் தவறும் பொறிகள்

சங்கப் பாடல்களில் வரும் வேட்டைக் குறிப்புகளைத் தொகுத்தோர் பெரும்பாலும் அவற்றைப் பண்டைத் தமிழரின் தொழிலறிவுக்குச் சான்றுகளாகவே கொண்டனர். அடார், பொறி, வலை, கண்ணி, பயம்பு, பார்வை என்னும் சொற்கள் 'வேட்டைக் கருவிகள்' என்ற தலைப்பின்கீழ் நிரல்படுத்தப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடலெண் தரப்படும். அத்துடன் ஆய்வு நிறைவுற்றதாகக் கருதப்படும். இத்தொகுப்புகள் பயனற்றவை அல்ல. ஆயினும் கேட்டிருக்க வேண்டிய எளிய வினா ஒன்று அவற்றில் கேட்கப்படவில்லை. அந்தப் பொறி அந்தப் பாடலில் எதைப் பிடித்தது?

கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை வியப்பளிப்பது. ஆளில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பொறி, தான் எதற்காக வைக்கப்பட்டதோ அதைப் பிடிப்பதாகச் சொல்லும் இடத்தைக் காண்பதே அரிதாக இருக்கிறது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பாடல்களில் அத்தகைய இடம் ஒன்றே ஒன்று. அதுவும் காட்டில் இல்லை, போர்க்களத்தில் இருக்கிறது.

முதலில் அடாரின் அமைப்பு. இது கல்லால் ஆன பொறி. கற்பொறிகளின் பொதுவான அமைப்பில் கனத்த கல்லின் ஒரு விளிம்பு நிலத்தில் படிந்திருக்க, மறு விளிம்பை ஒரு கோல் தாங்கி நிற்கும். அக்கோலோடு இணைந்த மெல்லிய துண்டை விலங்கு தீண்டினால் தாங்கல் நழுவும். கல் தன் எடையாலேயே வீழும். கல்லைத் தூக்குவது கடினமான வேலையே ஆயினும் நுட்பமான வேலை அன்று. நுட்பமெல்லாம் தாங்கலில் இருக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் அசையாத உறுதி அதற்கு வேண்டும். ஒரு விலங்கின் மூக்கு பட்டதும் நெகிழும் தளர்வும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைக் கண்டவனே பொறியமைக்க வல்லவன். அமைத்தபின் அவன் அங்கே நிற்க வேண்டியதில்லை. கொல்லும் வேலையைக் கல்லிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கப் போகலாம். பாடல்கள் இவ்வளவையும் விரித்துரைப்பதில்லை. ஆனால் பொறியைச் சிறிதென்றும் கல்லைப் பெரிதென்றும் அருகருகே வைக்கும் புலவருக்கு இவ்வமைப்பின் உயிர்நிலை தெரிந்தே இருந்தது.

அப்படி வைப்பது நற்றிணையின் 119ஆம் பாடல். பாடியவர் பெருங்குன்றூர் கிழார். தினைப்புனம் காப்பவன் பன்றிகளை அகற்ற அடார் மாட்டுகிறான். அதில் புலி படுகிறது. பெருவிலங்கு வீழ்ந்ததால் இதைப் பெரும்பேறு என்று கொள்வாரும் இருக்கலாம். புனத்தின் கணக்கு வேறு. தினைக்குப் பகை பன்றி. பன்றிக்குப் பகை புலி. அடார் கொன்றது தினையின் பகையை அன்று, அப்பகையின் பகையை. பன்றி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இது கற்பனை நயம் மட்டும் அன்று என்பதற்கு இலங்கை மலையகத்தின் அண்மைக்கால அனுபவமே சான்று. மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இடப்படும் கம்பிச் சுருக்குகளில் சிறுத்தைகள் அகப்பட்டு மடிவது அங்கே மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தபோது உலகச் செய்தியாயிற்று. கல் போய்க் கம்பி வந்திருக்கிறது. நற்றிணை கண்ட பிழை அப்படியே இருக்கிறது.

பாடலின் பிற்பகுதியில் தோழி சொல்வதென்ன? தலைவன் வருவான், குளவியும் கூதளமும் சேர்த்துக் கட்டிய கண்ணியைச் சூடி வருவான், வந்தாலும் முயக்கம் பெறமாட்டான், அவன் மலையைவிடப் பெரிய ஊடலையே பெறுவான். 'கண்ணி' என்னும் சொல் தலைமாலையையும் குறிக்கும், விலங்கும் பறவையும் படும் சுருக்கையும் குறிக்கும். இங்கே இரண்டாம் பொருள் புலவரின் கருத்தில் இருந்ததென்று வற்புறுத்த வேண்டியதில்லை. வற்புறுத்த வேண்டியது வேறொன்று. மலையினும் பெரிய ஊடல் என்பது தொடக்கத்தில் வந்த பெருங்கல்லின் மறுவடிவம். தோழி தன் சொல்லால் ஓர் அடாரை மாட்டுகிறாள். தாங்கல் சிறியது, ஒரு மறுப்பு; மேலே நிற்கும் கல் பெரியது. அவள் குறிவைப்பது தலைவனின் காலத்தாழ்ப்பை, அதாவது புனத்துப் பன்றியை. அதில் படக்கூடியதோ காதல். உள்ளுறையை 'இது இதற்கு உவமை' என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திக் காட்டும் முறை இவ்விடத்தில் போதாது. தோழி விடுக்கும் எச்சரிக்கையினுள்ளேயே அவளுடைய அச்சமும் இருக்கிறது.

நற்றிணை 98 இதற்கு மறுதலை. உக்கிரப் பெருவழுதியின் பெயரால் அமைந்த அப்பாடலில், புனத்தின் குறுகிய நுழைவில் பொறி வைக்கப்பட்டிருக்கிறது. பன்றி நுழையப் போகும் கணத்தில் பக்கத்தே பல்லி ஒலிக்கிறது. பன்றி மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்குத் திரும்புகிறது. கல் விழவில்லை. காவலர் சோரும் நேரம் பார்த்து இரவில் வரும் தலைவனோடு இப்பன்றியை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் பாடலின் முடிவு தலைவனிடமிருந்து விலகிப் பேசுபவளிடமே வருகிறது. அவன் வரும் வழியின் கொடுமையினும், மூடாத கண்ணும் அவனிடம் சென்று திரும்பாத நெஞ்சும் கொடியன என்கிறாள். பன்றிக்குத் திரும்ப ஓர் அளை இருந்தது. அவள் நெஞ்சுக்குப் பின்வாங்கும் வழி தெரியவில்லை.

மலைபடுகடாத்தில் பொறியின் முன் நிற்பவர் கூத்தர். நன்னனிடம் செல்லும் அவர்களுக்கு வழி சொல்பவன், தினை விளையும் சாரலில் பன்றிக்கு அஞ்சி நுழைவுதோறும் கற்பொறிகள் மாட்டப்பட்டிருக்கின்றன என்றும், இரவில் தங்கி விடிந்தபின் செல்க என்றும் எச்சரிக்கிறான். வேட்டைக் கருவிப் பட்டியல்களில் இவ்வடிகள் தவறாது இடம்பெறும். அவை வழிப்போக்கரைக் காக்கச் சொல்லப்பட்டவை என்பது அங்கே இடம்பெறாது. பொறிக்கு ஆள் தெரியாது. இலங்கையின் காட்டோர ஊர்களில் கட்டுத்துவக்குக்கு அஞ்சி இரவுப் பயணத்தைத் தவிர்ப்போருக்கு இவ்வடிகளுக்கு உரை தேவைப்படாது.

புறநானூறு 320இல் கல் இல்லை. வீரை வெளியனார் காட்டுவது பார்வை விலங்கு, அதாவது பிற மான்களை ஈர்க்கப் பழக்கிய பெண்மான். வேட்டுவன் உறங்குகிறான். தனிக்கலை ஒன்று வந்து பிணையோடு கூடி விளையாடுகிறது. பொறி முற்றிலும் வெற்றி பெற்றுவிட்டது, அதனாலேயே தோற்றும்விட்டது. மனையோள் காண்கிறாள். கணவன் எழுந்துவிடுவானோ என்றும் அஞ்சுகிறாள், கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறாள். அசையாமல் நிற்கிறாள், மான்தோலில் காயவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. இப்பாடலை விருந்தோம்பலுக்கு மட்டும் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. வேட்டுவனின் பிழைப்பை அவன் மனைவியே அவனுக்குத் தெரியாமல் நழுவவிடும் இந்நொடிக்கு இணையான மென்மை புறப்பாடல்களில் மிகக் குறைவு.

இதற்கு எதிர்ச்சான்று உண்டா என்றால் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் நீரருகே குழிதோண்டி அதனுள் ஒளிந்து பன்றியை எதிர்நோக்கும் இரவு வேட்டை பயன் தராதபோது, பகலில் நாய்களோடு புதர்களை அலைத்து, வேலியில் வலை மாட்டி முயல்களை வளைத்துப் பிடித்துக் கானவர் கூடி உண்கின்றனர். இங்கே வலை தவறவில்லை. வலைக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கை நேரே தொழிற்படும் வேட்டை கைகூடுகிறது. கையின் இடத்தில் பொறியை நிறுத்திவிட்டு மனிதன் அகன்ற இடத்திலேதான் வேறேதோ நிகழ்ந்துவிடுகிறது.

இனி அந்த ஒரே விலக்கு. புறநானூற்றின் 19ஆம் பாட்டில் குடபுலவியனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் மார்பை அடாருக்கு ஒப்பிடுகிறார். புலிவேட்டுவன் பொறியின் இயல்பறிந்து மாட்டிய பெருங்கல் அது என்று எண்ணி, அம்மார்பைத் தாம் விரும்பி முயங்கியதாகச் சொல்கிறார். இங்கே வேட்டுவன் புலிக்கென்றே பொறி வைக்கிறான். எழுவரை வென்ற களத்தில் புலிகளே பட்டன. கருதியதும் பட்டதும் ஒன்று.

பொறி தவறாத அந்த ஓரிடத்தில் புலவர் காட்டுவது என்ன? கைதுணிந்த யானைகள், தந்தையரோடு கிடக்கும் இளம் புதல்வர், அழும் மூதில் பெண்டிர், நாணி இரங்கும் கூற்றம். இவற்றை அடுக்கியபின்னரே ஆரம் பூண்ட மார்பு பாடலின் கடைசியில் வருகிறது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணை 1915இல் வந்தது. அகமென்றும் புறமென்றும் பிரித்துப் பயின்ற பழக்கத்தால் இரு பாடல்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது அரிதாயிற்று. வைத்துப் பார்த்தால் இரண்டிலும் அடாரும் முயக்கமும் சேர்ந்தே வருவது தெரியும். நற்றிணையில் முயக்கம் மறுக்கப்படுகிறது, புறநானூற்றில் நிகழ்கிறது. அடாரின் கல்லைத் தழுவக்கூடியது அதன்கீழ்ப் பட்ட விலங்கு ஒன்றே. குடபுலவியனார் தம்மை நிறுத்திக்கொள்ளும் இடம் அதுதான். இதை வெறும் புகழ்ச்சி என்று கொள்வதற்கில்லை.

தொகுத்தவர் வைத்த வரிசையும் நோக்கத்தக்கது. 17ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் பாடும் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, இதே செழியனிடம் சிறைப்பட்டுத் தப்பியவன் என்கிறது அதன் அடிக்குறிப்பு. குழியில் வீழ்ந்த களிறு கரையை இடித்துத் தன் இனத்தோடு சேர்ந்ததை அவனுக்கு உவமையாக்குகிறார் புலவர். ஆக இச்செழியனின் பொறியும் ஒருமுறை தவறியிருக்கிறது. அதற்கும் 19க்கும் இடையில் நிற்பது குடபுலவியனாரின் மற்றொரு பாட்டு. அதில் அவர் அதே மன்னனிடம், பள்ளமான நிலங்களில் நீரைத் தடுத்துத் தேக்குமாறு கேட்கிறார்.