படிகத்தை அடையாளம் காட்டும் ஒளி: வலிமையும் வரம்பும்

ஒளிக்கும் படிகத்துக்கும் உள்ள உறவை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த சி.வி. ராமன், 1888-இல் ஸ்ரீரங்கத் தீவின் திருவானைக்காவலில் பிறந்தவர். அந்த உறவை நம்பித்தான் நோய்க்குறியியல் மருத்துவர்களும் உடலுக்குள் படிந்த படிகங்களைத் தேடுகிறார்கள். ஸ்லைடுக்குக் கீழே ஒரு போலராய்டு ஒளிவடிகட்டி, மேலே அதற்குக் குறுக்காக இன்னொன்று. புலம் முழுதும் இருண்டுவிட, இரட்டை ஒளிவிலகல் உள்ள பொருள் மட்டும் பளிச்சிடும். சாயம் வேண்டாம், சாதாரண நுண்ணோக்கியிலேயே பொருத்தலாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதற்சோதனையாக இதற்கு ஈடில்லை. ஆனால் பளிச்சிட்டதை வைத்தே படிகத்துக்குப் பெயர் சூட்டிவிடும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது.

இம்முறையின் வலிமைக்கு, மூட்டில் யூரேட் படிகங்கள் படியும் கவுட் நோயே சான்று. 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் நோயாளிகளின் மூட்டு நீரில் யூரேட் படிகங்களை இவ்வழியில் இனங்கண்டார்கள். இரு போலராய்டுகளுக்கும் இடையே ஈடுசெய் தகட்டைச் செருகினால் புலம் கருஞ்சிவப்பாகும். தகட்டின் மெது அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகத் தெரியும். குறுக்கே கிடப்பது நீலமாகும். போலிக் கவுட்டின் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகத்தில் இந்த நிறங்கள் இடம் மாறும், ஒளிர்வும் மங்கலாக இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால், இந்த நிறமாற்றம் நோயாளிக்கு நேரடிப் பயன் தருகிறது.

திசுத் துண்டில்தான் சிக்கல் தொடங்குகிறது. யூரேட் நீரில் கரையும். ஃபார்மலினில் ஊறிய திசுவில் ஊசி வடிவ வெற்றிடம் மட்டுமே மிஞ்சலாம். அங்கே ஒளிரவில்லை என்பதால் கவுட் இல்லை என்றாகாது. மறுபுறம், ஃபார்மலின் நிறமியும் கையுறைத் தூளின் மாவுச்சத்தும் தாமும் ஒளிர்ந்து ஏமாற்றும். சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் பளிச்சிடும், கால்சியம் பாஸ்பேட்டோ இருளிலேயே நின்றுவிடும். யூரேட்டைச் சரியாகவே கண்டாலும், அதே மூட்டில் கிருமித்தொற்று இருக்கலாம். படிகம் தெரிந்துவிட்டதென்று கல்ச்சர் சோதனையைக் கைவிடக் கூடாது.

அனுபவமுள்ள கண்ணுக்கு வடிவமும் நிறமுமே போதும் என்பார்கள். மூட்டு நீரில் அது பெரும்பாலும் பொருந்தும். திசுவில், வெட்டுப்பட்ட படிகத்தின் வடிவமே சிதைந்திருக்கும்போது அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. அங்கே 1928-இல் ராமன் அறிவித்த விளைவு கைகொடுக்கிறது: சிதறும் ஒளியின் நிறமாலை, மூலக்கூறின் வேதிப் பெயரையே சொல்லிவிடும். கருவி விலை அதிகம், மெழுகும் திசுவின் தன்னொளிர்வும் குறுக்கிடும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆகவே எல்லா ஸ்லைடுக்கும் அதைக் கேட்க வேண்டியதில்லை. ஐயம் தீராதவற்றை மட்டும் கருவி உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். வேண்டிய மற்ற இரு மாற்றங்களும் செலவில்லாதவை. கவுட் சந்தேகம் இருந்தால் திசுவின் ஒரு பகுதியை நீர் கலவாத ஆல்கஹாலில் அனுப்பட்டும். அறிக்கையில் படிகத்தின் பெயரோடு அதன் வடிவம், ஒளிர்வின் வலிமை, நிறமாற்றத்தின் திசை மூன்றும் பதிவாகட்டும். அடுத்துப் பார்க்கும் மருத்துவர் அந்த முடிவை எடைபோட அவையே ஆதாரம்.