சீறாப்புராணத்தில் உடையும் கவசமும்

காப்பியத்தில் வரும் உடையை வெறும் வருணனை என ஒதுக்குவோர் பலர். ஆயின், அயல்நாட்டு வரலாற்றைத் தமிழிற் பாடும் புலவன் தன் மாந்தர்க்கு எதனை உடுத்துகின்றான் என்பது, அவ்வரலாற்றை அவன் எவ்வாறு உணர்ந்தான் என்பதற்குச் சான்றாகும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்புலவர் காட்டும் அரபு நாடு எந்த நிலப்படத்திலும் இல்லாத ஒன்று. அங்கே மழை பொழிகின்றது; ஆறு பெருகுகின்றது; நெல் விளைகின்றது. அந்நாட்டு மாந்தரும் அதற்கேற்ப மாலையும் அணிகலனும் பூண்டு தோன்றுகின்றனர். அரபு நாட்டு உடைகள் நம் கல்முனைக் கடைத்தெருவிலேயே விற்பனையாகும் இக்காலத்தில், உமறு காட்டுவது பிழையான அரேபியா என மாணவர் சிலர் கருதுவதில் வியப்பில்லை. எனினும், பிழையா அன்றா என்பதினும், அவ்வுடை காப்பியத்தில் ஆற்றும் பணி யாது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா.

கதீஜா நாயகியின் மணம்புரி படலத்தில் அப்பணி செவ்வனே நிறைவேறுகின்றது. மணவிழாவின் ஒப்பனையும் ஊர்வலமும் தமிழ்க் காப்பிய மரபைத் தழுவியவை. அதனாலன்றோ, சீறாவை இசையோடு ஓதிப் பொருள் விரிக்கக் கேட்ட முன்னோர், அம்மணத்தைத் தம் வீட்டு மணமாக உணர்ந்தனர்! இங்கே உடை, தூரத்தைக் குறைக்கின்றது.

போர்ப் பகுதிகளில் நிலைமை வேறு. 624இல் நிகழ்ந்த பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 313 பேர், 70 ஒட்டகங்களோடும் 2 குதிரைகளோடும் சென்றனர் என வரலாற்று நூல்கள் கூறும். 625இல் உஹதுக் களத்திலே குறைஷியர் 3000 பேர். அவருள் 700 பேர் கவசம் அணிந்தோர். அன்று கவசம் செல்வர்க்கே எளிதிற் கிட்டிய பெரும்பொருள். அலி (ரலி) அவர்கள் பாத்திமா நாயகிக்கு மஹராக அளித்தது தம் கவசத்தையே. நபிகள் நாயகம் மறைந்தபோது அவர்களது கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது எனவும் ஹதீஸ் கூறும். காப்பிய மரபோ, தார் அணிந்த தோளையும் ஒளிரும் படைக்கலத்தையும் இரு தரப்பார்க்கும் ஒப்ப வழங்கிவிடுகின்றது. கவசமுடையார்க்கும் இல்லார்க்கும் இடையிலிருந்த வேறுபாடு அவ்வொளியில் மங்கிப்போகின்றது. இல்லாமையினின்று எழுந்த வீரத்தின் அருமை அதனாற் குறைகின்றது.

குறை தமிழ் மரபினதன்று. வெட்சி முதல் வாகை வரை போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவைச் சூட்டிய மரபு நம்முடையது. தும்பை சூடியவன் இறுதிவரை பொருபவன். உஹதுக் களத்தில் அபூதுஜானா தலையிற் கட்டிய செந்துணியும் அத்தகைய குறியே. அவர் அதனைக் கட்டினால் இனிப் பின்வாங்கார் என்பதை இரு படையினரும் அறிவர். பத்ரில் ஹம்ஸா (ரலி) மார்பில் தீக்கோழி இறகு அணிந்திருந்தார். எளிய துணியும் இறகும் சொல்லும் பொருளைத் தமிழ்ப் புறத்திணை நன்கறியும். சீறாவின் போர்ப் பகுதிகளில் புறத்திணையின் எளிமையினும் பிற்காலக் காப்பியங்களின் பொலிவே மேலோங்குகின்றது.

ஆகவே, அரபு மாந்தர்க்குத் தமிழுடை உடுத்தினார் என்பது உமறுமீது சாட்டத்தக்க குற்றமன்று. அது அவரது வெற்றி. எல்லார்க்கும் ஒரே விலையுயர்ந்த உடையை உடுத்தியதே குறை. கைத்தறி ஒலி கேட்டு வளர்ந்த மருதமுனை வாசகனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு முழத் துணியில் எத்துணை உழைப்பு உண்டு என்பதையும், ஒருவன் உடுத்தியிருப்பது அவன் நிலையைச் சொல்லும் என்பதையும் அவன் அறிவான். சீறாவை ஒதுக்காமலும் கண்மூடிப் போற்றாமலும் கற்பதற்கு அவ்வறிவே தக்க தொடக்கமாகும்.