கதையும் கஷாயமும்

கதை படிப்பதனால் என்ன பிரயோஜனம் என்பது பழைய கேள்வி. நாவல் என்ற உருவம் தமிழுக்கு வந்த நாளிலிருந்தே அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில், நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், பையன்கள் பரீட்சையில் தோற்பார்கள் என்று பெரியவர்கள் பயந்தார்கள். பிறகு, நீதி இருந்தால் படிக்கலாம் என்று சலுகை காட்டினார்கள். அதற்கும் பிறகு, பொது அறிவு வளரும், பாஷை வளரும் என்றார்கள். இப்போது புதிதாக ஒரு பதில் கிளம்பியிருக்கிறது: கதை படிப்பது மன ஆரோக்கியத்துக்கு நல்லது.

இதைப் பத்திரிகைக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2013-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கவலை, மனச்சோர்வு என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சில புத்தகங்களைச் சிபாரிசு செய்யலாம். பொது நூலகத்தில் அவை இரவலாகக் கிடைக்கும். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும், மனத்தை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தரும் நூல்கள். ஆனால் டாக்டரின் சீட்டில் புத்தகத்தின் பெயர் ஏறிவிட்டது என்பது சின்ன விஷயம் அல்ல. இன்னொரு பக்கம், கைபேசியில் ஆடும் விளையாட்டு, தியானம் பழக்கும் செயலி, காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்காஸ்ட் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நாவலையும் சேர்த்து, மனசுக்கு இதமான நான்கு சாதனங்கள் என்று பேசுகிறார்கள்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இந்த நான்கும் மனசுக்குச் செய்வது ஒரே காரியம்தானா? இல்லையென்றால், கதை செய்கிற காரியம் எது?

புத்தக வைத்தியம் என்ற பொருளில் 'பிப்ளியோதெரபி' என்று ஒரு சொல் வழங்குகிறது. 1916-ல் சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில் அது வருகிறது. புத்தகங்களையே மருந்தாகக் கொடுத்து ஆட்களைச் சொஸ்தப்படுத்தும் ஒரு கற்பனை நண்பரைப் பற்றிய கட்டுரை அது. பாதிக்குமேல் கேலி. கேலியாகப் பிறந்த வார்த்தை இன்று கனத்த முகத்தோடு ஆஸ்பத்திரிகளில் உலவுகிறது. கேலியாகப் பிறந்தது என்பதற்காக விஷயம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்தப் பாதிரியாரின் சிரிப்பையும் நாம் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கதை எழுதுகிறவர்களுக்கு விளையாட்டைப் பற்றி ஓர் இளக்காரம் உண்டு. அது நியாயம் அல்ல. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உண்டாக்கிய 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். மேலிருந்து விழுகிற துண்டுகளைத் திருப்பித் திருப்பி இடைவெளி விழாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்போர்டில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், அந்தக் காட்சியை ஒரு தரம் நினைத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை டெட்ரிஸ் ஆடச் செய்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், விபத்தின் காட்சி கூப்பிடாமலே கண்முன் வந்து நிற்பது, ஆடியவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பயங்கரக் காட்சி மனசில் படிவதற்கு எந்த இடம் வேண்டுமோ, அந்த இடத்தை விளையாட்டின் துண்டுகள் பிடித்துக்கொண்டுவிடுகின்றன என்பது ஆராய்ச்சிக்காரர்களின் விளக்கம்.

இது நேர்மையான உதவி. விளையாட்டு உங்களுக்கு ஞானம் தருவதாகச் சொல்லவில்லை. இருபது நிமிஷம் மனசை வேறு காரியத்தில் மாட்டி வைக்கிறது. அடிபட்டவனுக்கு அந்த இருபது நிமிஷம் பெரிய விஷயம். ஆனால் அந்த உதவிக்கு ஓர் எல்லை உண்டு. பழைய வருத்தத்தோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் செய்கிறவனுக்குக் கட்டை அடுக்குவது மறதியைத் தரலாம், விடையைத் தராது. ஆட்டம் முடிந்ததும் வருத்தம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பாட்காஸ்ட் வேறு மாதிரி. அது துணை. பிள்ளைகள் வெளியூரில், புருஷன் ஆபீஸில், தனியாகக் காய் நறுக்கிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் காதில் இரண்டு பேர் சாவதானமாகப் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, ஒரு காலத்தில் ரேடியோவை நம்பி வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மனிதக் குரலுக்கு அப்படி ஒரு குணம். இதிலும் ஓர் ஆபத்து இருக்கத்தான் இருக்கிறது. எந்நேரமும் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் நம்முடைய குரல் நமக்குக் கேட்காமல் போய்விடும். அளவோடு வைத்துக்கொண்டால் நல்ல துணை.

எனக்குச் சந்தேகம் வருவது செயலிகளிடம்தான். மூச்சுப் பயிற்சியும் தியானமும் நல்லவை. அவற்றைச் செயலி வழியாகக் கற்றுக்கொள்வதிலும் தோஷம் இல்லை. ஆனால் அநேக செயலிகள் தினமும் காலையில் தட்டி எழுப்பி, 'இன்று எப்படி இருக்கிறீர்கள்? ஐந்து முகங்களில் ஒன்றைத் தொடுங்கள்' என்று கேட்கின்றன. இத்தனை நாள் விடாமல் தியானம் செய்திருக்கிறீர்கள், இன்று விட்டால் கணக்கு அறுந்துபோகும் என்று பயமுறுத்துகின்றன. சாந்தியும் ஒரு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017-ல் 'வோபாட்' என்று ஒரு செயலி வந்தது. மனக்கஷ்டத்தைச் சொன்னால் பதில் சொல்லித் தேற்றும் யந்திரம். பலர் அதனிடம் மனம் விட்டுப் பேசினார்கள். 2025 ஜூன் 30-ந் தேதியோடு அந்தச் செயலியைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கடையை மூடுவதற்குக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் அலமாரியில் இருக்கிற கிழிந்த புத்தகம் இப்படிச் சொல்லிக்கொண்டு போய்விடாது.

தினமும் 'சந்தோஷமாக இருக்கிறாயா?' என்று கேட்பதில் என்ன தவறு என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு சொல்கிறேன். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற தத்துவ ஆசிரியரின் சுயசரிதம், அவர் இறந்த 1873-ஆம் வருஷமே வெளிவந்தது. மூன்று வயசில் கிரேக்கம், எட்டு வயசில் லத்தீன் என்று தகப்பனார் அவரை வளர்த்தார். பதினேழு வயசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் வேலை. உலகத்தைச் சீர்திருத்துவது என்று ஒரு லட்சியம். 1826-ல், இருபது வயசில், அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நீ விரும்புகிற சீர்திருத்தமெல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால் நீ சந்தோஷப்படுவாயா? இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதோடு வாழ்க்கையின் அஸ்திவாரமே சரிந்துவிட்டது. தூக்கம் உதவவில்லை, பிடித்தமான புத்தகங்களும் உதவவில்லை. தகப்பனாரிடம் சொல்லவும் முடியவில்லை.

பல மாதம் கழித்து மார்மோந்தெல் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை நினைவுகளைத் தற்செயலாகப் படித்துக்கொண்டிருந்தார். தகப்பனார் இறந்துபோகிறார், குடும்பம் தவிக்கிறது, சின்னப் பையனாக இருந்த மார்மோந்தெல், இழந்ததற்கெல்லாம் ஈடாக இனி நான் இருப்பேன் என்று தீர்மானிக்கிறான். இந்த இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து பாரம் குறைந்தது என்று எழுதுகிறார். தமக்குள் உணர்ச்சி செத்துவிடவில்லை என்று அவருக்கு நிச்சயமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புத்தகம் மில்லுக்காக எழுதப்பட்டது அல்ல. மனச்சோர்வு நீங்குவது எப்படி என்று அதில் ஒரு வரிகூட இல்லை. யாரோ ஒருவருடைய வீட்டில் நேர்ந்த சாவு. வேறு ஒருவருடைய துக்கம் உள்ளே நுழைந்ததும் தம்முடைய துக்கத்தின் கதவு திறந்துகொண்டது. 1828-ல் அவர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்து மேலும் தெளிவு பெற்றார். அதற்கு முன் பைரனைப் படித்துப் பார்த்தார், பிரயோஜனப்படவில்லை. பைரனுடைய கசப்பும் தம்முடைய கசப்பும் ஒன்றாகவே இருந்ததனால் அது உதவவில்லை என்கிறார். எந்தப் புத்தகம் யாருக்கு எப்போது உதவும் என்று எந்த டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்க முடியாது. முடிவில் மில் கண்டுகொண்ட தத்துவமும் இதுதான்: சந்தோஷத்தை நேராகத் தேடிப் போனால் அது கிடைக்காது, வேறு ஒரு காரியத்தில் மனசு முழுகியிருக்கும்போது வழியில் அது வந்து சேரும்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைய நாவல்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும், மனசை ஆற்றும் கதைகள் என்று ஒரு ரகம் வந்து உலகெங்கும் விற்பனையாகிறது. அமைதியான புத்தகக் கடை, பூனை, காபி, நல்ல மனிதர்கள். இந்த ரகத்தில் பேர்பெற்றது தோஷிகாஸு கவாகுச்சி 2015-ல் எழுதிய நாவல். காபி ஆறுவதற்குள் என்று தலைப்புக்குப் பொருள். டோக்கியோவில் ஒரு காபிக் கடை. அங்கே ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது.

இந்தக் கடைசி விதி அபாரமான விதி. அதை யோசித்த கணத்தில் கவாகுச்சி கலைஞர். நாவலில் ஒரு பகுதி: மறதி நோயில் புருஷன் தன்னையே மறந்துவிட்ட ஒரு மனைவி, அவள் நர்ஸ் வேலை பார்க்கிறவள். அவன் கொடுக்காமலே வைத்திருந்த ஒரு கடிதத்தை வாங்குவதற்காக அவள் பின்னால் போகிறாள். நீ எனக்கு நர்ஸாக வேண்டாம், மனைவியாக இரு என்பது அதன் சாரம். திரும்பி வந்தபோது நோய் அப்படியேதான் இருக்கிறது. மாறியவள் அவள். இங்கே கதை பொய் சொல்லவில்லை. அதனால் மனசைத் தொடுகிறது.

ஆனால் நாலு பகுதிகளிலும் இதே அச்சு. வருத்தம், பிரயாணம், கண்ணீர், தெளிவு என்று மணி அடித்தாற்போல வருகிறது. இரண்டாவது பகுதியில் நமக்கு முறை தெரிந்துவிடுகிறது. மூன்றாவதில் கண்ணீருக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம். பாத்திரங்கள் வாழ்வதற்காக வரவில்லை, வாசகருக்கு ஆறுதல் கொண்டுவந்து கொடுப்பதற்காக வந்திருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. கஷாயம் காய்ச்சுகிறவர் அடுப்படியில் நிற்பது தெரிகிறது. இந்த நாவலை நான் வேண்டாம் என்று தள்ளவில்லை. ஜுரத்தில் கிடக்கும்போது கஞ்சி வேண்டும். அது சுவையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கஞ்சிதான் சாப்பாடு என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால் சமையல் மறந்துபோகும்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' என்ற கதையை நினைத்துப் பாருங்கள். பட்டணத்தில் ஜவுளிக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கிற பிரமநாயகம் பிள்ளை. தீராத நோயாளியான மனைவி. அவர் அவளுக்குச் செய்கிற பணிவிடை. கடைசியில் அவளுடைய சாவு. இதில் ஆறுதல் என்று ஒரு சொல் கிடையாது. மன ஆரோக்கியத்துக்கான புத்தகப் பட்டியலில் இந்தக் கதையை யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு, ராத்திரி விழித்து, காலையில் வேலைக்கும் போய்வருகிற ஒரு மனிதரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். 'என் நிலைமை ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது' என்று அவர் நினைப்பார். தைரியமாக இரு என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அவர் படுகிற பாட்டை அப்படியே பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்பது அதைவிடப் பெரிய தைரியம்.

இங்கிலாந்தில் லிவர்ப்பூலில் ஜேன் டேவிஸ் என்ற அம்மையார் தொடங்கிய ஓர் இயக்கம் இந்த ரகசியத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. சிலர் கூடி உட்கார்ந்து ஒரு கதையையோ கவிதையையோ உரக்கப் படிக்கிறார்கள். நடுநடுவே நிறுத்திப் பேசுகிறார்கள். புத்திமதிப் புத்தகம் அல்ல, இலக்கியம். நோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கதையில் வருகிறவனைப் பற்றிப் பேசுகிற சாக்கில் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசிவிடுகிறார். நம் வீடுகளில் ஒரு காலத்தில் தொடர்கதையை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட வழக்கத்துக்கு இது தூரத்து உறவு.

ஒன்றை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட வேண்டும். நோய் வேறு, வருத்தம் வேறு. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் அற்றுப்போய், உயிரோடு இருப்பதே பாரம் என்று ஒருவர் நினைக்க ஆரம்பித்தால், அவருக்கு நாவலும் போதாது, விளையாட்டும் போதாது. டாக்டரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசாங்க உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலக்கியத்தின் பெருமையைப் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் அது பொறுப்பற்ற பேச்சு.

மற்றபடி வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனசு அலுத்த நேரத்தில் விளையாடுங்கள், கேளுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். கதை படிக்கும்போது மட்டும், இது எனக்கு நன்மை செய்கிறதா என்று பக்கத்துக்குப் பக்கம் நாடி பிடித்துப் பார்க்காதீர்கள். கதைக்குள் இருக்கிற மனிதருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். எழுதுகிறவர்களுக்கும் அதே வார்த்தைதான். படிக்கிறவரைக் குணப்படுத்தும் உத்தேசத்தோடு உட்காராமல், பிரமநாயகம் பிள்ளை அன்று ராத்திரி என்ன செய்தார் என்பதைச் சரியாக எழுதினால் போதும். யாருக்கு அது மருந்தாகும் என்பதைப் படிக்கிறவர் தாமே கண்டுகொள்வார்.