பாடத்தின் வாயில்

இலக்கியப் பாடம் கசக்கிறது என்று இளைஞர் கூறும்போது, நாம் அவர்களையே குறை கூறிவிடுகிறோம். அப்பாடம் எவ்வாறு தொடங்கப்பெற்றது என்பதை ஆராய்வதில்லை.

அண்மையில் ஆவடியை அடுத்த வெள்ளானூரில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுச் சிறுவன், பதினான்கு வயதினன், சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தைத் தேர்வுக்காக மனனம் செய்துகொண்டிருந்தான். உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டினர், வள்ளல் சீதக்காதி ஆதரித்தார், காண்டங்கள் 3, பாடல்கள் 5027. யாவும் பிழையின்றி வந்தன. “மான் என்னப்பா கேட்டது?” என்றோம். விழித்தான். வகுப்பில் பாடம் புலவர் குறிப்பில் தொடங்கி அருஞ்சொற்பொருளில் முடிந்துவிட்டதாம்!

புலவர் வரலாறு வேண்டாமென்பது நம் கருத்தன்று. வினா எழுமுன்னரே விடையை அளிப்பதுதான் குறை. கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம் என அடியெடுத்து வைப்பது காப்பியத்துக்கு மரபு. வகுப்பறைக்கு அது விதியாகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறையை எண்ணிப் பார்ப்போம். “ஓட்டாண்டி யார் என அறிவீர்களா?” என்று தோழர்களை வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவனே என்றனர் தோழர்கள். பிறருக்கு இழைத்த தீங்கினால் மறுமையில் தன் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவனே ஓட்டாண்டி என அதன் பின்னரே விளக்கினார்கள். முதலில் வினா, பிறகு கேட்போரின் சிந்தனை, அதன் பின்னரே பாடம்.

அம்முறையையே நாமும் கையாண்டோம். ‘பிணை’ என்றால் என்ன என்று கேட்டோம். அவன் அறியவில்லை. ‘ஜாமீன்’ என்றதும் புரிந்துகொண்டான். அச்சொல்லுக்கே பெண்மான் என்ற பொருளும் உண்டு என்றதும் நிமிர்ந்து அமர்ந்தான். பிணைக்குப் பிணை! தலைப்பே பாடத்துக்கு வாயிலாயிற்று.

பின்னர்க் கதையைக் கூறினோம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் பெருமானார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். அவ்விடத்தில் நிறுத்தி, “நீ வேடனாயிருந்தால் விடுவாயா?” என்றோம். சற்றே சிந்தித்து, “ஜாமீன் நிற்பவர் யாரென்று பார்த்துத்தான் விடுவேன், மாமா” என்றான்.

படலத்தின் உயிர்நாடியை அவன் தொட்டுவிட்டான். மான் திரும்பி வந்தது வியப்புத்தான். ஆயினும், சொல் தவறாத ஒருவரின் வாக்கு வேடனின் நெஞ்சையே மாற்றியது அதனினும் பெரிது. மான் கன்றுடன் மீண்டதையும், வேடன் இஸ்லாத்தைத் தழுவியதையும் கேட்டபின், “இதைப் பாடியவர் யார்?” என்று அவனே வினவினான். புலவர் குறிப்புக்கு உரிய இடம் அதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கதையோடு நின்றுவிட்டால் அது இலக்கியப் பாடமாகாது. படக்காட்சிகளும் வினாடி வினாவும் மலிந்துள்ள இன்றைய வகுப்புகளில் தொடக்கம் கலகலப்பாகவே அமைகிறது. செய்யுளோ தீண்டப்படாமல் கிடக்கிறது. வாயில் எத்துணை அழகாயினும், வீட்டினுள் புகவேண்டுமன்றோ? ஆகவே, நாம் பாடலைச் சீர்பிரித்து இருமுறை உரக்கப் படித்தோம். இரண்டாம் முறை அவனும் நம்முடன் சேர்ந்துகொண்டான்.

பள்ளியின் பொறுப்பு இதுவென நம் இல்லங்கள் ஒதுங்கிவிடலாகாது. ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்குமுன், ‘மான் என்ன கேட்டது?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.